பிஷப் கையில் என் தங்க பெயிண்ட்

நீங்கள் எப்போதாவது ஒரு பிஷப்பின் இரண்டு உள்ளங்கைகளையும் தங்க நிறமாக்கியிருக்கிறீர்களா?

நான் ஆக்கியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை. சர்ச் நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க...

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் சிரிப்பு வராது. எனக்கு அன்றிலிருந்தே வரவில்லை.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். சில மாதங்களுக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு சீசனில் மெழுகுவர்த்தி, ஒரு சீசனில் குரோஷா. மெழுகு ஊற்றி பிரஷர் குக்கரைக் கெடுத்த கதையை நான் எழுதியபோது, 'உங்கள் வீட்டுக்காரர் பாவம்' என்றுதான் பாதிப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். இந்த சீசனுக்கு வந்து வாய்த்தது ஸ்டென்சிலும் ஃபேப்ரிக் பெயிண்ட்டும்.

வேலை ரொம்ப சுலபம் — அதுதான் அதிலுள்ள ஆபத்தே. பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு பூவை வரைந்து பிளேடால் வெட்டி எடுக்க வேண்டும். அதைத் துணிமேல் வைத்து, ஸ்பாஞ்சில் பெயிண்ட்டைத் தொட்டு மெல்ல ஒற்றி, ஷீட்டைத் தூக்கினால்... பூ! வரையத் தெரியாதவளும் ஆர்ட்டிஸ்ட் ஆகிவிடலாம். எங்கள் வீட்டில் தலையணை உறைகளில் வாத்துகள் நீந்துகின்றன. என் ஹேண்ட்பேக்கில் மாங்காய் காய்த்திருக்கிறது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் என் வீட்டுக்காரரின் சட்டை பாக்கெட்டில் ஒரு மயில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"இன்னாம்மா இது? கஸ்டமரு எம்மூஞ்ச பாத்து பேச மாட்றான். பாக்கெட்டையே பாத்துகினு கீறான்" என்றார்.

நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் எஸ்தர் வந்தாள். எஸ்தர் எங்கள் பக்கத்து வீடு. நடுவில் ஒரு காம்பவுண்ட் சுவர்தான். விடியும் முன்பே ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், விளக்கு வைத்தபின் திரும்புகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் பெனிட்டா. அவளும் இந்த வருஷத்திலிருந்து அம்மாவோடு அதே ரயிலில் பெங்களூர் காலேஜுக்குப் போகிறாள்.

"அக்கா, பெனிட்டாவுக்கு வர்ற ஞாயித்துக்கெழம திடப்படுத்தல். வெள்ளப் பொடவ எடுத்துட்டேன். தலைக்கு முக்காடு போட வெள்ள நெட்டு ஒண்ணு உங்க கடைல எடுத்து, ஓரம் மட்டும் அடிச்சுக் குடுங்க. எனக்கு ட்ரெயின வுட்டு எறங்கறதுக்குள்ள டெய்லரு கடைய சாத்திடுறான்."

ஓரம் மட்டும். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

"வெறும் வெள்ளையா? என்ன எஸ்தர், குழந்தைக்கு எவ்வளவு பெரிய நாள்! நான் பார்த்துக்கறேன் விடு" என்றேன். எந்த அர்த்தத்தில் பெரிய நாள் என்று எனக்குத் தெரியாது. சர்ச்சில் ஏதோ ஃபங்ஷன், பெண் பிள்ளைகள் வெள்ளை கட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், மத்தியானம் பிரியாணி. அவ்வளவுதான் என் ஞானம்.

தங்க நிற லில்லிப் பூக்கள் வைப்பதாக முடிவு செய்தேன். கோலார் தங்க வயலில் இருந்துகொண்டு தங்கம் இல்லாமல் எப்படி? நெற்றிக்கு மேல், சரியாக உச்சந்தலையில் வருகிற மாதிரி ஒரு கொத்து. எல்லாருக்கும் தெரிய வேண்டுமே!

பெனிட்டாவை அளவு பார்க்கக் கூப்பிட்டு ஸ்டென்சிலைக் காட்டினேன். அவள் ஷீட்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"பேடா ஆன்ட்டி. ப்ளைனா இருந்தா போதும். எல்லாரும் ப்ளைனாதான் போட்டுக்குவாங்க."

பேடா என்றால் வேண்டாம். பெங்களூர் காலேஜுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து இவளுக்குப் பாதிப் பேச்சு கன்னடத்தில்தான் வருகிறது.

"எல்லாரும் மாதிரியா நீ? உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டேன். செல்லமாகத்தான்!

பெயிண்ட் பாட்டிலின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பருத்தித் துணிக்கு மட்டும். ஒரு முழு நாள் காய விடவும். காய்ந்தபின் துணியின் மறுபக்கம் அயர்ன் செய்யவும். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஊருக்கே பாடம் எடுத்தவள் நான். ஆனால் நெட் பருத்தி இல்லை, நைலான். ஓட்டை ஓட்டையாக இருக்கிற துணியில் பெயிண்ட்டை ஒற்றினால் அது கீழே விரித்த பேப்பருக்குத்தான் போகிறது. பூ தெரிய வேண்டுமென்றால் அப்பு அப்பென்று அப்ப வேண்டும். அப்பினேன். அதையும் எப்போது? சனிக்கிழமை சாயங்காலம். வாரம் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். ஸ்டென்சிலை மூன்று தினுசாக வெட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அயர்ன்பாக்ஸை ஒரு மூலையில் வைத்துப் பார்த்தேன். நெட் சுருங்கி, பொசுங்கிய அப்பளம் மாதிரி ஆனது. அந்த மூலையை வெட்டிவிட்டு, ஓரத்தை மறுபடி அடித்து, காற்றாடக் காயட்டும் என்று கொடியில் போட்டேன். அன்றைக்கென்று பார்த்து தூறல்.

ஞாயிறு காலை பெனிட்டா வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிப் பின்னியிருந்தாள் எஸ்தர். முக்காட்டைத் தொட்டுப் பார்த்த பெண், விரலை விரலோடு உரசினாள்.

"ஆன்ட்டி... ஒட்டுது."

"அதெல்லாம் தலையில போட்டா சூட்டுல காஞ்சிடும். கை வைக்காதே, அவ்வளவுதான்" என்றேன்.

கை வைக்காதே! என்னை நானே இந்த வாரம் முழுக்க அறைந்துகொண்டிருப்பது இந்த ஒரு வரிக்காகத்தான்.

எஸ்தர் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவாள். "சாயங்காலம் வரேன், கேக்கு எடுத்து வை" என்று சொல்வதே என் வழக்கம். சர்ச்சுக்குள் நான் காலடி வைத்தது இதுவே முதல் தடவை. ஏன் போனேன்? பெனிட்டாவுக்காக என்று எஸ்தர் நினைத்தாள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். என் லில்லிப் பூக்களைப் பார்க்கத்தான் போனேன். ஆராதனை முடிந்ததும் "யாரு பண்ணது இது?" என்று நாலு பேர் கேட்பார்கள், எஸ்தர் என் பக்கம் கை காட்டுவாள், நான் "அட, சும்மா பொழுதுபோக்கு" என்று சொல்வேன். அந்த 'அட'வை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம். பிறகு பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு, பெண்கள் முதலில், பையன்கள் பின்னால் என்று உயர வரிசையில் முழங்கால் போட வைத்தார்கள். பெனிட்டா குள்ளம். அதனால் முதல் ஆள் அவள்தான். என் பூ முன்வரிசையில்! எனக்குப் பெருமை தாங்கவில்லை, போனை எடுத்து வீடியோ ஆன் செய்தேன்.

பிஷப் வந்தார். பெனிட்டாவின் முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் தூக்கி, அவள் உச்சந்தலையில் வைத்து அழுத்தினார்.

நான் போனை இறக்கினேன்.

அந்த ஜெபம் அவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும்? அவர் கண்ணை மூடி நிதானமாகச் சொல்கிறார். கீழே அவர் உள்ளங்கைச் சூட்டில், எண்ணெய்த் தலையின் மேல், என் லில்லிகள் இளகிக்கொண்டிருக்கின்றன. கையை எடுத்தபோது முக்காடும் கூடவே கொஞ்சம் எழுந்து வந்தது. மெதுவாகப் பிரித்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார். அவள் தலையில் கை வைத்தார். எடுத்தார். தூய வெள்ளை நெட்டில் பத்து விரலும் பளிச்சென்று தங்கமாகப் பதிந்திருந்தன.

அவர் தன் கைகளைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஆராதனையை நடுவில் நிறுத்த முடியுமா? மூன்றாவது பெண். நான்காவது பெண். அப்புறம் பையன்கள் — அவர்கள் தலையெல்லாம் மினுங்கியது. கடைசியில் சர்ச் வேலைகளைக் கவனிக்கும் ஓர் அண்ணன் ஈரத் துண்டோடு ஓடி வந்தார். தேய்க்கத் தேய்க்கத் தங்கம் மஞ்சளானது, மஞ்சள் பழுப்பானது. சர்ச் முழுக்க ஒரு முணுமுணுப்பு. பெனிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது கடைசி பெஞ்ச் வரை தெரிந்தது.

வெளியே வந்தால், எஸ்தரைச் சுற்றிக் கூட்டம். இரண்டாவதாக நின்ற பெண்ணின் அம்மா ஸ்டெல்லா, மகளின் முக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா எஸ்தரு இது? பொண்ணு தலைல இன்னாத்த பூசி அனுப்ச்ச நீ? எம்பொண்ணு அழுவுறா பாரு."

பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெரியவர் சூழ்நிலையை லேசாக்க நினைத்தார். "மைன்ஸ மூடி இத்தினி வருசம் ஆச்சு, இனிமே தங்கமே வராதுன்னாங்க. பிஷப்பு கைல வந்துகீது பாரு!" எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரிக்கப் பார்த்தாள்.

"எங்க வாங்குன இத?" ஸ்டெல்லா விடவில்லை.

எஸ்தர் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சொல்வதற்கு எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தேவை. 'நான்.'

"பெங்களூர்லக்கா" என்றாள் எஸ்தர். "ட்ரெயினுக்கு ஓடற அவசரத்துல எடுத்துட்டேன். பாத்து வாங்கிருக்கணும். என் தப்புதான். எல்லா முக்காட்டையும் குடுங்க, நான் தொவச்சித் தரேன்."

ஒரு பொய்யும் சொல்லத் தெரியாத பொம்பளை, மகளின் திடப்படுத்தல் நாளில், சர்ச் வாசலில் நின்று எனக்காகப் பொய் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். அதோடு விட்டதா? மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய், சைவம் சாப்பிடுகிறவள் என்பதால் எனக்கென்று தனிப் பாத்திரத்தில் செய்து வைத்திருந்த வெஜிடபிள் பிரியாணியையும் சாப்பிட்டேன். ரெண்டாம் தடவையும் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மென்று முழுங்குவது என்று சொல்வார்களே... அன்றைக்கு எனக்குச் சோறே அப்படித்தான் இறங்கியது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கை வைத்து ஜெபிப்பதுதான் திடப்படுத்தலே என்று எனக்கு எப்படித் தெரியாமல் போனது? சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். தீபாவளிக்கு அதிரசம் அந்தப் பக்கம் போகும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் கல்கலா பலகாரமும் இந்தப் பக்கம் வரும். தட்டைக் கூட வெறுமனே திருப்பித் தராத நாகரிகம் எங்களுக்கு உண்டு. ஒற்றுமை, ஒற்றுமை என்று நானே இந்தப் பத்தியில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஆனால் 'திடப்படுத்தல்னா என்ன எஸ்தர்?' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் எல்லாம் தெரியும். அவள் கேட்பாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கேக்கில் முந்திரி அதிகமா குறைவா என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக் கொடியில் வரிசையாக முக்காடுகள். துவைத்தும் போகாமல், ஒவ்வொன்றிலும் மங்கலாகப் பத்து விரல். எஸ்தர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் துவைகல்லில் நின்றிருந்தாள். லீவு போட்டால் அவளுக்குச் சம்பளம் இல்லை.

நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டுமே, வெறுங்கையோடு எப்படிப் போவது!

"ஏன் எஸ்தர் அப்படிச் சொன்னே? நான்தான்னு சொல்லியிருக்கலாமே."

அவள் துணியை உதறினாள். "உங்கள சொல்லிருந்தா நாலு பேரு உங்கள ஒரு மாரி பாத்துருப்பாங்க. அப்பறம் நீங்க சர்ச்சுக்கே வர மாட்டீங்க. எத்தினி வருசமா கூப்ட்டுகினு கீறேன்... இப்பதான வந்தீங்க? பெனிட்டா மேல இருக்கற ஆசைலதான வந்தீங்க?"

என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள். பூவைப் பார்க்க வந்தேன் என்றா? நான் ரிமூவர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவமானத்தில் காது சுடும் என்பார்கள். நிஜமாகவே சுட்டது.

முக்காடுகள் காய்ந்ததும் நானே எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். எஸ்தர் தடுத்தாள், கேட்கவில்லை. வீடு வீடாகப் போய், துணியைக் கொடுத்து, "அந்தப் பெயிண்ட் நான் அடிச்சது. எஸ்தருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லே" என்றேன். சிலர் "அய்யோ, பரவால்ல வுடுங்க" என்றார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். ஒரு பெண் தன் முக்காட்டைத் துவைக்கவே கொடுக்கவில்லையாம். பிஷப் கை அப்படியே இருக்கிறது என்று மடித்து வைத்துக்கொண்டாளாம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பார்த்தாயா, அவ்வளவு மோசமில்லை என்று உள்ளே ஒரு குரல் அதற்குள் தலைதூக்கியது. வெட்கம் கெட்ட குரல்!

ஸ்டெல்லா காபி கொடுக்கவில்லை. துணியை வாங்கி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னிக்கு நீங்களும் அங்கதானே நின்னுகினு இருந்தீங்க?"

"ஆமா" என்றேன்.

சாயங்காலம் பெனிட்டா வரும்வரை எஸ்தர் வீட்டுக் கூடத்தில் காத்திருந்தேன். ரயில் நெரிசலில் கசங்கி வந்த பெண், என்னைப் பார்த்ததும் பையைக் கழற்றிக்கொண்டே சுவரோரம் நின்றாள்.

"உன் நாளைக் கெடுத்துட்டேன்மா. எல்லாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஆயிடுச்சு. ஆன்ட்டியை மன்னிச்சுடு" என்றேன்.

"சிரிச்சா பரவால்ல ஆன்ட்டி. காலேஜ்ல எதுக்குதான் சிரிக்கல?"

என் முகத்தைப் பார்க்காமல், பையின் வாரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சின்னக் கொழந்தயா இருக்கறப்ப அப்பா அம்மா எனக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப நானே எழுந்து, ஆமா, நான் நம்புறேன்னு ஒத்துக்கணும். அதான் திடப்படுத்தல். அதுக்கு மூணு மாசம் கிளாஸ் போனேன். ஞாயித்துக்கெழம தூங்காம கிளாஸ் போனேன். அவர் கைய வெக்கறப்ப இன்னா ஜெபம் பண்ணணும்னு எழுதி மனப்பாடம்கூட பண்ணேன். எங்கப்பாவுக்காக." வாரை விரலில் சுற்றினாள். "ஆனா அவர் கைய வெச்சப்ப நான் ஜெபமே பண்ணல ஆன்ட்டி. பெயிண்ட் காஞ்சிச்சா காயலியான்னு மட்டும் நெனச்சுகினு இருந்தேன். ஒரே தடவதான் வெப்பாங்க. திரும்ப வெக்க மாட்டாங்க."

முக்காட்டைத் துவைக்கலாம். பிஷப் கையைத் துடைக்கலாம். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கலாம். இதை எந்த ரிமூவரைப் போட்டு எடுப்பது? எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதால் அவள்தான் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆனால் வாய் சும்மா இருக்கிறதா? நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவளின் வாய் சீக்கிரம் அடங்காது.

"பெனிட்டா, கிறிஸ்துமஸ் வருதே... உனக்குப் பிடிச்ச கலர்ல, நல்ல காட்டன்ல, ஒரு மாசம் முன்னாடியே காயவெச்சு ஒரு துப்பட்டா—"

"பேடா ஆன்ட்டி."

கோபமில்லை. அன்றைக்கு என் வீட்டில் நின்று சொன்ன அதே குரல், அதே மரியாதை.

"சரிம்மா" என்றேன்.

'பேடா'வுக்குச் சொல்ல வேண்டிய பதில் அவ்வளவுதான். முதல் தடவையே சொல்லியிருக்கலாம். பஜாரில் கடை வைத்திருப்பவர்கள் நாங்கள்... எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும்.